அட்டைப் பெண்ணுக்குக் கேள்வி பிடிக்காது

அந்த அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு பேசினால் அது அரட்டை, நின்றுகொண்டு பேசினால் அது வேலை. காலையில் வந்ததும் வராததுமாக எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். நின்றால் கால் வலிக்கும், கால் வலித்தால் பேச்சு சுருங்கும், பேச்சு சுருங்கினால் வேலை பெருகும் என்பது இதைக் கண்டுபிடித்தவர்களின் கணக்கு. இவர்களுக்குக் கால் பழகிவிட்டது. ஆரம்பத்தில் சட்டென்று முடிந்துகொண்டிருந்த கூட்டம் இப்போதெல்லாம் காபி ஆறி, அதன்மேல் ஆடை படிந்து, அந்த ஆடையும் சுருங்கிப்போகும் வரை நடக்கிறது.

வட்டத்தில் ஒரு பஞ்சு ஆமை கைமாறிக்கொண்டே போகும். ஆமை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வாயைத் திறக்கலாம். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், ஏதாவது தடை உண்டா என்று மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டு ஆமையை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். ‘வேகமே எங்கள் மூச்சு’ என்று சுவர் முழுக்க எழுதி வைத்திருக்கும் நிறுவனம் போயும் போயும் ஆமையை ஏன் பிடித்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டுமானால் ஆமை கையில் இருக்க வேண்டும். கையில் வந்த பிறகு மூன்று விஷயங்களைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது.

இந்தச் சடங்குகளையெல்லாம் நடத்தி வைப்பவருக்கு ‘வேகம் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் ஒரு வரிகூட சாஃப்ட்வேர் எழுதியதில்லை. எழுதுகிறவர்கள் எப்படி எழுத வேண்டும் என்பதில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆமையை வாங்கி வந்ததும் அவர்தான். இரவில் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவதும் அவர்தான்.

நம் கதைக்கு உரியவனை அங்கே ‘பழசு’ என்று கூப்பிடுவார்கள். வயது நாற்பதைத் தொடவில்லை. ஆனாலும் மற்றவர்கள் புதிது புதிதாக எழுதித் தள்ள, எப்போதோ எழுதியவை இடிந்து விழாமல் முட்டுக் கொடுப்பது இவன் பொறுப்பு என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆள் கெட்டவன் இல்லை. யாரையும் எதிர்த்துப் பேச மாட்டான். அதை நல்ல குணம் என்று அவனே நினைத்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் செய்து விற்றது, ரத்தப் பரிசோதனை செய்யும் லேப்களில் ஆட்களுக்கு நேரம் பதிவு செய்து தரும் சாஃப்ட்வேர். அதை வாங்கியிருந்த லேப் ஒன்றில்தான் பழசின் அக்கா கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தாள். மாமா வேலை போய் வீட்டில் இருந்த சமயம் அது. அக்காவின் கவுன்ட்டர்தான் குடும்பத்தை ஓட்டியது. புது சாஃப்ட்வேர் வந்த அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஊசி போடும் பெண்ணிலிருந்து தரை துடைப்பவர் வரை, மேனேஜரைத் தவிர எல்லோரிடமும், “இது என் தம்பி ஆபீஸ்ல செஞ்சதாக்கும்” என்று சொல்லித் தீர்த்தாள்.

அந்த அக்காதான் ஒரு நாள் மத்தியானம் போன் செய்தாள்.

“டேய், உங்க சாஃப்ட்வேர் என் மானத்த வாங்குதுடா.”

“என்னாச்சுக்கா?”

“வெறும் வயித்தோட வந்து நிக்கறாங்க, லிஸ்ட்ல பேரே இல்ல. நான் பதிவு பண்ணினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தேடிப் பாத்தா ‘ரத்து’ன்னு போட்டிருக்கு. ரத்து செஞ்சவர்னு கீழ என் பேரு! நான் ஏன்டா ரத்து பண்ணப் போறேன்? எனக்கென்ன பைத்தியமா?”

“எப்படிப் பதிவு பண்றே?”

“எப்படின்னா? ‘உறுதி செய்’ அமுக்கறேன். சக்கரம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. வரிசைல நிக்கறவங்க எல்லாம் என் மூஞ்சியே பாக்கறாங்க. இன்னொரு தடவ அமுக்கிட்டு அடுத்த ஆளக் கூப்பிடறேன்.”

பழசுக்கு விஷயம் அந்த நொடியே புரிந்துவிட்டது. சக்கரம் நின்றதும் ‘உறுதி செய்’ என்ற பச்சைப் பட்டன் மறையும். அது இருந்த அதே இடத்தில் ‘ரத்து செய்’ என்ற சிவப்புப் பட்டன் வந்து உட்காரும். பொறுக்க முடியாமல் இரண்டாவது முறை அமுக்குகிறவரின் விரல் சரியாகச் சிவப்பில் போய் விழும். ரத்து செய்யட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் அதுவும் ரத்து செய்துவிடும். இரண்டு பட்டனையும் ஒரே இடத்தில் வைத்தது வேறு யாருமல்ல, பழசுதான். திரையில் இடம் மிச்சம் பிடித்ததற்காக அன்றைக்கு அவனை எல்லோர் முன்னாலும் பாராட்டினார்கள்.

“பாக்கச் சொல்றேன்க்கா. சரி பண்ணிடுவாங்க” என்றான், யாரோ மூன்றாம் மனிதர்கள் செய்து வைத்த வேலை போல.

போனை வைத்த கையோடு அவன் ஒரு வரி எழுதினான். சிவப்புப் பட்டனை அமுக்கினால் ‘ரத்து செய்யவா?’ என்று கேட்கும். அவ்வளவுதான். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அதன் பிறகுதான் வேலை தொடங்கியது.

முதலில் உரிமையாளர் மேடத்திடம் போனான். அவர் நிறுவனத்துக்கு உரிமையாளர் அல்ல. அந்த சாஃப்ட்வேரில் எது வேண்டும் எது வேண்டாம் என்று முடிவு செய்பவருக்கு அங்கே கொடுத்திருந்த பட்டம் அது.

“மேடம், ஒரு பிழை இருக்கு” என்று ஆரம்பித்தான்.

மேடத்தின் முகம் சுருங்கியது. “நம்ம கிட்ட பிழைன்னு எதுவும் கிடையாது. இன்னும் சொல்லப்படாத கதைங்கதான் இருக்கு. கதையா எழுதிட்டு வாங்க.”

கதைக்கு ஓர் இலக்கணம் உண்டு. இன்னாராக நான், இன்னது வேண்டும் என்கிறேன், ஏனென்றால் இன்னது, என்று ஒரே வாக்கியத்தில் முடிக்க வேண்டும். பழசு தன் இடத்துக்குப் போய் எழுதிக்கொண்டு வந்தான்: ‘ஒரு கவுன்ட்டர் ஊழியராக, நான் பதிவு செய்தது தானாக ரத்தாகக் கூடாது என்கிறேன், ஏனென்றால் பட்டினியாக வந்தவர்கள் என்னைத் திட்டுகிறார்கள்.’

மேடம் இரண்டு முறை படித்தார். “உணர்ச்சி இருக்கு. ஆனா ‘ஏனென்றால்’ல லாபம் ஒண்ணும் தெரியலையே. திட்டு வாங்கறது யாருக்கு லாபம்?” என்றவர், எழுந்து போய் மூலையில் நின்ற அட்டைப் பெண்ணின் தோளில் கை போட்டுக்கொண்டார். “இவங்க இதக் கேப்பாங்களா, சொல்லுங்க.”

அட்டைப் பெண் என்றால் நிஜமாகவே அட்டையில் வெட்டிய பெண்தான். ஆள் உயரம், பளிச்சென்ற பல்வரிசை. தங்கள் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர் எப்படிப்பட்டவர் என்று யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காகக் கற்பனையில் ஒரு பெண்ணை உருவாக்கி, விளம்பரப் படம் ஒன்றைப் பெரிதாக்கி ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். அவளுடைய விருப்பு வெறுப்புகளைக் காலடியில் எழுதி வைத்திருந்தார்கள். அவளுக்குப் பயணம் பிடிக்கும். செடி வளர்ப்பாள். அவசரக்காரி அல்ல. திரையில் அடிக்கடி கேள்வி கேட்டால் அவளுக்குப் பிடிக்காது.

“பாத்தீங்களா? கேள்வி பிடிக்காது” என்றார் மேடம். “நீங்க போய் ‘ரத்து செய்யவா?’ன்னு கேள்வி கேக்கறேங்கறீங்க.”

“நெஜமாவே ஒரு லேப்ல ஒருத்தங்களுக்கு இப்படி ஆகுது மேடம்.”

“ஒருத்தங்க சொல்றது வெறும் புலம்பல். இவங்க ஆராய்ச்சி” என்று அட்டையைத் தட்டினார். தட்டிய பிறகு ஏதோ தோன்றியவர் போல, “யாரு அந்த ஒருத்தங்க? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்றார்.

சொந்தக்காரர்கள் சொன்னதைக் கேட்டு வேலை செய்கிறான் என்று பேர் வந்துவிடுமே என்று பழசுக்குப் பயம். அந்த வருஷம் பழைய ஆட்களைக் கொஞ்சம் குறைக்கப் போகிறார்கள் என்று வேறு காற்றுவாக்கில் பேச்சு வந்துகொண்டிருந்தது.

“இல்ல மேடம். யாரோ” என்றான்.

சொல்லி முடித்ததும் காது மடல் சூடேறியது. கூடப் பிறந்தவளை யாரோ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆனது என்று நினைத்துப் பார்த்தான். நேரமே ஆகவில்லை.

கெஞ்சிக் கூத்தாடி, ‘ஏனென்றால் திருப்தியடைந்த ஊழியர் அதிகப் பதிவுகள் செய்வார்’ என்று கதையின் வாலை மாற்றிய பிறகு மேடம் கையெழுத்துப் போட்டார். கதை மதிப்பீட்டுக்குப் போனது.

மதிப்பீடு என்பது சீட்டாட்டம் மாதிரி. ஆளுக்கு ஒரு கட்டு சீட்டு. கதையைப் படித்ததும் அது எவ்வளவு கஷ்டம் என்று ஒவ்வொருவரும் ஓர் எண்ணைக் குப்புறக் கவிழ்த்து வைத்து, வேகம் சார் மணி அடித்ததும் திருப்பிக் காட்ட வேண்டும். எண் என்றால் மணி நேரமா என்று கேட்டால் இல்லை என்பார் வேகம் சார். நாளா என்றால் அதுவும் இல்லை. “அது ஒரு கஷ்டத்தோட கனம். மனசுல உணரணும்” என்பார். மனசில் உணர்ந்து எல்லோரும் எட்டு, பதின்மூன்று என்று காட்டினார்கள். குறைவாகக் காட்டினால் அடுத்த முறையும் குறைவாகவே கொடுப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பழசு மட்டும் ஒன்று காட்டினான்.

“ஏன் ஒண்ணு?” என்றார் வேகம் சார்.

“ஒரு வரிதான் சார். எழுதியாச்சு.”

வேகம் சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“எழுதியாச்சா? மதிப்பிடறதுக்கு முன்னாடியேவா?”

“அது வந்து, சின்ன வேலைன்னு…”

“சின்னதா பெருசான்னு நாம இன்னும் முடிவே பண்ணலையே! மதிப்பிடாம செஞ்ச வேலை எந்த வாரத்துக் கணக்குல வரும்? நம்ம வேகத்த நான் எப்படி அளக்கறது? தயவுசெஞ்சு அத அழிச்சிடுங்க. முறையா அடுத்த சுத்துல எடுத்து, மறுபடி எழுதுங்க. நாம வேகமா போறது முக்கியமில்ல பழசு, எவ்வளவு வேகமா போறோம்னு தெரியணும். அதுதான் முக்கியம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். பழசும் ஆட்டினான். இருக்கைக்குப் போய் அந்த வரியை அழித்தான். அழிக்கும்போது ‘அழிக்கவா?’ என்று கம்ப்யூட்டர் அவனைக் கேட்டது.

அடுத்த சுற்று வருவதற்குள் அக்கா மறுபடி போன் செய்தாள். இந்தத் தடவை குரலில் சத்தம் இல்லை.

“பெரியவர் ஒருத்தர் பட்டினியா வந்து, பேரு இல்லன்னதும் திரும்பிப் போறப்ப படியில மயங்கி விழுந்துட்டார்டா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மேனேஜர் என்னக் கூப்பிட்டு, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற ஆள் பாத்துக்கறேன்னுட்டார். எல்லாத்துலயும் என் பேருதானே இருக்கு. நான் என்ன சொல்ல முடியும்?”

“பெரியவருக்கு இப்ப…?”

“பரவால்ல. சர்க்கரத் தண்ணி குடுத்து உக்கார வெச்சோம். நீ கவலைப்படாத. உன் ஆபீஸ்னு யார் கிட்டயும் சொல்றத நான் நிறுத்திட்டேன். உன் பேரு கெட வேணாம்.”

“பண்ணிட்டிருக்காங்கக்கா. கூடிய சீக்கிரம்” என்று பழசு எதையோ மென்று விழுங்கினான். அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஆமை கைக்கு வந்தபோது இன்றைக்குச் சொல்லியே தீருவது என்றுதான் நின்றான். தடை இருக்கிறது, அது நான் வைத்த பட்டன், அதனால் ஒருவர் வேலை போகப் போகிறது என்று வாக்கியம்கூடத் தயார். ஆனால் எதிரே பலகையில், எத்தனை நாளாகத் தடையே இல்லாமல் அந்த அணி ஓடிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தது. யாராவது தடை என்று சொன்னால் எண் பூஜ்யத்துக்குப் போகும். சொன்னவருக்காகத் தடை நீக்கும் கூட்டம் என்று தனியாக ஒன்று நடக்கும். அந்தக் கூட்டத்துக்குப் போய் வந்தவர்கள் அடுத்த முறை தடை என்று சொன்னதில்லை. எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். ஆமையின் ஒரு கண் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

“தடை ஒண்ணும் இல்ல” என்றான் பழசு.

அடுத்த சுற்றில் வரியைத் திரும்ப எழுதி, முறைப்படி சரிபார்ப்புக்கு அனுப்பினான். சரிபார்ப்பவருக்குக் ‘காற்புள்ளி’ என்று பெயர். வீடு தீப்பிடித்து எரிகிறது என்று எழுதிக் கொடுத்தாலும் அதில் காற்புள்ளி எங்கே விட்டுப்போயிற்று என்றுதான் அவர் முதலில் பார்ப்பார். ஒற்றை வரிக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் குறிப்புகள் வந்தன. வரியின் முன்னால் இடைவெளி ஒன்று கூடுதல். ‘செய்யவா’ என்பதில் மரியாதை போதாது. கேள்விக்குறி சற்று மிரட்டுவது போல் இருக்கிறது. மரியாதையைப் பற்றி முடிவு செய்ய ஒரு குழு உட்கார்ந்தது. மன்னிக்கவும், நின்றது. குழுவின் கைபட்டுத் திரும்பி வந்தபோது ‘ரத்து செய்யவா?’ என்பது, ‘தாங்கள் தங்களது ரத்து அனுபவத்தைத் தொடர விழைகிறீர்களா என்பதை அறிய ஆவல்’ என்று ஆகியிருந்தது. கேள்விக்குறி இல்லாததால் அட்டைப் பெண்ணுக்கும் மனக்கஷ்டம் இல்லை. ஆனால் அவ்வளவு நீள வாக்கியம் திரையில் அடங்கவில்லை. திரையைப் பெரிதாக்குவது தனிக் கதை என்று மேடம் சொல்லிவிட்டார். தனிக் கதை மறுபடி மதிப்பீட்டுக்குப் போனது. சீட்டுகள் கவிழ்ந்தன. மணி அடித்தது.

இப்படி இவர்கள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, லேப் மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. பணத்தைக் கொட்டி வாங்கிய சாஃப்ட்வேர் ஏன் இப்படிச் செய்கிறது என்று நேரிலேயே கேட்டுவிடுவது என்று கிளம்பி வந்தார். வரும்போது, எல்லா ரத்துக்கும் கீழே யார் பெயர் இருந்ததோ அந்த ஊழியரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்தபடி உள்ளே நுழைந்தாள். “நிஜமான பயனர் வந்திருக்காங்க!” என்று மேடம் குழந்தை மாதிரி கை தட்டினார். அந்த அலுவலகத்துக்குள் அப்படி ஒருவர் கால் வைத்தது அதுவே முதல் தடவை. அவளை அட்டைப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அட்டைப் பெண் ஒரு சாண் உயரம் கூடுதலாக இருந்தாள். படம் எடுத்தவர், கொஞ்சம் சிரிங்க, பக்கத்துல பாருங்க, அவங்க எப்படிச் சிரிக்கறாங்க, என்றார்.

அக்கா பக்கத்தில் பார்த்துவிட்டு, அப்படியே கண்ணை ஓட்டியவள் மேஜைக் கோடியில் தம்பியைக் கண்டுவிட்டாள். அவள் முகம் மலர்ந்தது. வாய் திறந்தது. பழசு சட்டென்று குனிந்து லேப்டாப்பைத் திறந்தான்.

திறந்த வாயை அக்கா மூடிக்கொண்டாள். ஒரு கணம் யோசித்தாள். பிறகு எல்லோருக்கும் கைகூப்பிய வரிசையில் அவனுக்கும், “வணக்கம் சார்” என்றாள்.

அந்த ‘சார்’ செருப்பால் அடித்த மாதிரி விழுந்தது. கூசிப்போய், அவனும் “வணக்கம் மேடம்” என்றான்.

வந்தவர்களுக்காக அன்று எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வேகம் சார் மட்டும் எழுந்து நின்றார். “இது குற்றம் சொல்லாக் கூட்டம்” என்று அறிவித்தார். “இங்க யார் மேலயும் யாரும் விரல் நீட்ட மாட்டோம். தப்பு பண்றது ஆளுங்க இல்ல, அமைப்புதான். அதனால யார் பேரும் வெளிய வராது. எங்க ஆளுங்க எல்லாரையும் நிறத்தால மட்டும்தான் சொல்வோம்.”

திரை ஒளிர்ந்தது. பட்டனை அமைத்தவர்: ஊதா. சரிபார்த்தவர்: பச்சை. அனுமதித்தவர்: மஞ்சள். அதற்குக் கீழே, ரத்து செய்தவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர் முழுசாக, அப்பாவின் முதலெழுத்தோடு, எத்தனை ரத்தோ அத்தனை முறை வரிசையாக இருந்தது. அந்த முதலெழுத்துதான் பழசுக்கும் முதலெழுத்து.

“அவங்க பேரு மட்டும் இருக்கே?” என்றார் லேப் மேனேஜர்.

“அவங்க எங்க ஊழியர் இல்லையே சார்” என்று வேகம் சார் பொறுமையாக விளக்கினார். “குற்றம் சொல்லக் கூடாதுங்கற பாதுகாப்பு எங்க ஊழியர்களுக்குத்தான்.”

அடுத்து வேரைத் தோண்டும் சடங்கு. ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே போனால் எந்தக் கோளாறுக்கும் வேர் தெரிந்துவிடும் என்பது முறை. ஆறாவது முறை கேட்கக் கூடாது.

“பதிவு ஏன் ரத்தாச்சு?” என்றார் வேகம் சார்.

“சிவப்புப் பட்டன அமுக்கினதால” என்றார் காற்புள்ளி.

“சிவப்ப ஏன் அமுக்கினாங்க?”

“இரண்டாவது முறை அமுக்கினதால.”

“இரண்டாவது முறை ஏன் அமுக்கினாங்க?” என்று கேட்டுக்கொண்டே வேகம் சார் ஆமையை மேஜைமேல் தள்ளிவிட்டார். அது வழுக்கிக்கொண்டு வந்து பழசின் முன்னால் நின்றது. “இந்தப் பகுதியோட பழைய ஆள் நீங்கதானே. சொல்லுங்க.”

சொல்வதற்கு ஒரே வாக்கியம்தான். சக்கரம் சுற்றும்போது யாராக இருந்தாலும் இன்னொரு முறை அமுக்குவார்கள், அமுக்குகிற இடத்திலேயே ரத்தை வைத்த மடையன் நான்தான். பழசு ஆமையை எடுத்தான். மேடத்தைப் பார்த்தான், மஞ்சள் நிறத்தவர் அவர்தான். காற்புள்ளியைப் பார்த்தான், அவர் பச்சை. இரண்டு பேரும் அவனைப் பார்த்த பார்வையில், நீ வாயைத் திறந்தால் மூன்று நிறமும் கரையும் என்று எழுதியிருந்தது. அக்காவை மட்டும் அவனால் பார்க்க முடியவில்லை. தலை குனிந்து தன் கட்டைவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நகத்தைப் பார்த்துக்கொண்டே, “பொறுமை இல்லாததால இருக்கலாம்” என்றான்.

சத்தம் அவனுக்கே கேட்கவில்லை. ஆனால் வேகம் சாருக்குக் கேட்டுவிட்டது. “அருமை! பொறுமை ஏன் இல்ல?”

“பயிற்சி போதல” என்றார் மேடம்.

“பயிற்சி ஏன்…” என்று ஐந்தாவது ஏனுக்கு அவர் வாயெடுக்கும் முன்பே, “என் தப்புதான் சார்” என்று ஒரு குரல் கேட்டது.

அக்கா எழுந்து நின்றிருந்தாள். அவள் தம்பியின் நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத்தான் அவசரம். நான்தான் பாக்காம அமுக்கிட்டேன். வேற யார் மேலயும் தப்பில்ல.”

“மன்னிக்கணும்மா” என்றார் வேகம் சார். “ஆமை உங்க கையில இல்ல. கையில வெச்சுக்கிட்டுச் சொன்னாத்தான் குறிப்புல ஏறும்.”

ஆமையைப் பழசுதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது அவன் விரலை லேசாக ஓர் அழுத்து அழுத்தினாள், சின்னப் பிள்ளைகளைச் சும்மா இரு என்று அழுத்துவது போல. கைப்பையையும் ஆமையையும் சேர்த்துப் பிடித்தபடி, இன்னொரு முறை தெளிவாக, “என் தப்புதான் சார்” என்றாள்.

வேகம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதுக்குப் பேருதான் பொறுப்பேத்துக்கறது!” என்றார். “பாருங்க, நாம யாரும் குற்றம் சொல்லல. ஒரு விரல் நீட்டல. அவங்களா முன்வந்து ஏத்துக்கிட்டாங்க. இதுதான் இந்தக் கூட்டத்தோட மகிமை. பெருமையா சொல்றேன், இத்தன வருஷமா நான் இந்தக் கூட்டத்த நடத்தறேன், எங்க ஆளுங்கள்ல ஒருத்தர்கூட இப்படி ஒரு வார்த்த சொன்னதில்ல! சொல்ல வேண்டிய நிலைமைல நாங்க யாரையும் வெச்சதில்ல. அவங்களுக்கு ஒரு பலத்த கைதட்டல்!”

எல்லோரும் தட்டினார்கள். மேடம் எழுந்து நின்று தட்டினார். காற்புள்ளி சீராக, இடைவெளி விட்டுத் தட்டினார். பழசின் கைகள் மேஜைக்கு அடியில் இருந்தன. எல்லோரும் தட்டும்போது ஒருவன் மட்டும் தட்டாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே. கைகளை மேலே எடுத்து அவனும் தட்டினான்.

கைதட்டல் அடங்கியதும் லேப் மேனேஜர் தொண்டையைச் செருமினார். “அப்ப சாஃப்ட்வேர்ல ஒண்ணும் இல்லங்கறீங்க. சரி. இவங்கள நான் கவுன்ட்டர்லேருந்து எடுத்துடறேன். திங்கக்கிழமையிலேருந்து வேற ஆள் வரும்” என்றார். அக்காவைப் பார்த்து, “நீங்க இனிமே வர வேண்டிய அவசியம் இல்லம்மா” என்றார். அவள் தலையாட்டினாள்.

மேடம் லேப்டாப்பில் கதையைத் திறந்து, ‘பயனர் தவறு, பயனரே ஒப்புக்கொண்டார்’ என்று குறித்து மூடினார். மூடிய கதைக்குத் திருத்தம் எதற்கு என்று பழசின் ஒற்றை வரியையும் எடுத்துவிட்டார்கள். திரையில் அடங்காத அந்த நீள வாக்கியத்துக்காக வருத்தப்பட்டவர் காற்புள்ளி ஒருவர்தான்.

லேப் மேனேஜர் மேடத்துடன் வேறு ஏதோ பேசிக்கொண்டு நிற்க, அக்கா வெளியே வந்து லிஃப்ட் பக்கத்தில் காத்திருந்தாள். தண்ணீர் குடிக்கப் போவது போலப் பழசு எழுந்து வந்தான். தாழ்வாரத்தில் யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் போனான். அப்படிப் பார்த்ததை அவள் பார்த்தாள்.

“உனக்கு ஒண்ணும் வராதுல்ல?” என்றாள்.

“வராதுக்கா.”

“சின்ன வயசுலேருந்தே தப்பு பண்ணிட்டா நகத்தப் பாப்பே. அதான் எழுந்துட்டேன். அந்தப் பட்டன் நீ வெச்சதா?”

“ஆமாக்கா.”

“வீட்ல மாமா கிட்ட வேற ஏதாவது சொல்லிக்கறேன். நீ வந்து எதுவும் உளறி வெக்காத.” பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள் போல, “ரெண்டாவது தடவ அமுக்கறதாலதான் ரத்தாகுதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டாள்.

“நீ மொதல்ல போன் பண்ணினியே, அன்னிக்கே.”

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

“அப்ப அன்னிக்கே போன்ல, ‘அக்கா, ஒரு தடவ மட்டும் அமுக்கு’ன்னு சொல்லியிருந்தா நான் இன்னொரு தடவ அமுக்காம இருந்திருப்பேனேடா.”